பெயர்ந்த வெனீருக்கு எந்தப் பசை: வஜ்ரமா, வெள்ளைப் பசையா, எபாக்ஸியா?

பழைய அலமாரியின் வெனீரை, அதாவது அடிமரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகட்டை, நகத்தால் மெல்லத் தட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் பொக்கென்று ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். டேப் ஒட்டிக் குறித்தால், உரிக்கும்போது பாலிஷோடு வெனீர்ச் சிம்பும் வந்துவிடும்.

1900க்கு முந்தைய வெனீர் வேலை பெரும்பாலும் வஜ்ரத்தில் ஒட்டியது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும் என்பதால், புதுப்பசை எதுவும் இல்லாமலே சில கொப்புளங்களைப் படிய வைக்கலாம். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை 5 முதல் 10 நொடி வையுங்கள். உடனே மெழுகுத்தாளும் மேலே சமதளக் கட்டையும் வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். அரக்கு பாலிஷ் இருந்தால் ஈரச்சூட்டில் வெளுத்துப்போகும். கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துவிடுங்கள்.

இதற்குப் படியாததற்குத்தான் பசை. என் ஓட்டு வஜ்ரத்துக்கே. 100 கிராம் குருணையை 150 முதல் 200 மி.லி. குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரமாவது ஊறவிட்டு, பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். பிரஷைத் தூக்கினால் அறாத நூலாக இறங்க வேண்டும், அதுதான் பதம். கொதித்தால் புரதம் சிதைந்து பசையின் பலம் போய்விடும். குளிர்ந்த மரத்தில் ஒரு நிமிடத்துக்குள் உறையத் தொடங்குவது இதன் பெரிய தொல்லை. அதனால் மரத்தையும் அழுத்தும் கட்டையையும் முன்பே சூடாக்கி வைக்க வேண்டும். அவ்வளவு வேகத்துக்குக் கை பழகாதவர்களுக்குத் திரவ வஜ்ரம் உண்டு. பாட்டில் பழசானால் அது காயவே காயாது. முந்தின நாள் ஒரு சொட்டு தடவி வையுங்கள். மறுநாள் நகத்துக்குக் கண்ணாடிபோல் உடைந்தால் பயன்படுத்தலாம். ரப்பர்போல் வளைந்தால் தூக்கிப் போடுங்கள்.

பிவிஏ எனும் வெள்ளைப் பசை கைக்கு எளிது, நேரமும் தரும். ஆனால் அது சுத்தமான மரநாருக்குள் ஊறினால்தான் பிடிக்கும். கொப்புளத்துக்குள் பழைய வஜ்ரம் கண்ணாடிப் படலமாக நிற்கிறது, அதைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. அன்று பிடித்ததுபோல் தோன்றும், சில மாதத்தில் அதே இடம் மறுபடி எழும்பும். அப்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலத்தில் வஜ்ரமும் ஒட்டாது. பழுதை இரட்டிப்பாக்குவது இதுதான். அடிமரமே புதிதாகப் போட்ட இடமென்றால் மட்டும் வெள்ளைப் பசையில் தப்பில்லை.

இரண்டு கூறுகளைக் கலந்து இறுகவிடும் பிசினான எபாக்ஸி இடைவெளியை நிரப்பும், சுருங்காது. ஆனால் அதைப் பிரிக்க வேண்டியிருந்தால் வெனீரும் சேர்ந்து போகும். அடிமரம் பூச்சி அரித்துப் பள்ளமான இடத்தில் மட்டும் அதற்கு வேலை இருக்கிறது. அங்கேயும் பள்ளத்தில் முதலில் வஜ்ரம் பூசிக் காயவிட்டு, அதன்மேல் எபாக்ஸி நிரப்புங்கள். பிற்காலத்தில் ஈரச்சூடு கொடுத்து அந்தக் கட்டியைக் கழற்ற அந்த வஜ்ரப் படலம் வழிவிடும்.

எந்தப் பசையானாலும் கொப்புளத்தைத் திறக்கும் முறை ஒன்றுதான். கூரான கத்தியால் மர ரேகையின் போக்கிலேயே, சற்றுச் சாய்வாகக் கீறுங்கள். குறுக்கே கீறினால் அந்தக் கோடு என்றும் தெரியும். சிரிஞ்சால் இரு பக்கமும் பசை செலுத்தி, ஓரத்திலிருந்து கீறலை நோக்கி விரலால் தள்ளி மிச்சத்தை வெளியே எடுங்கள். அழுத்தும்போது விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வெனீர் ஈரத்தில் அகன்றிருக்கிறது. ஒரு விளிம்பை மயிரிழை அளவு சீவினால் படிந்துவிடும்.

துண்டே காணாமல் போயிருந்தால் மெழுகால் நிரப்புவதா, வேறு வெனீர்த் துண்டால் ஒட்டுப் போடுவதா? ஆணித்துளை அளவுக்கு மெழுகு போதும். விளிம்பில் மெழுகு நிற்காது, ஒட்டுத்தான் போட வேண்டும். சதுரமாக வெட்டாமல் படகு வடிவில், கூர்முனைகள் ரேகையோடு ஓடும்படி வெட்டுங்கள். பழைய ரம்பம் அறுத்த வெனீர் 1 மி.மீ.க்கும் மேல் தடிமன், இன்றைய சீவல் சுமார் 0.6 மி.மீ. ஆகவே இரண்டு சீவலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தடிமனைக் கொஞ்சம் மிஞ்ச வைக்க வேண்டியிருக்கும். மிஞ்சியதை அன்றே சீவிவிடாதீர்கள். பசையின் நீரில் ஒட்டு உப்பியிருக்கும். அப்போது மட்டமாக்கினால் காய்ந்த பிறகு பள்ளமாகிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்கிரேப்பரை எடுங்கள்.