ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து விளையாட ஒரு கீபோர்டு

காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு ஒரே படுக்கையறை. கம்ப்யூட்டர் மேஜை மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது, ஃபேன் அறை நடுவில். வேலூர் வெயிலில் மே மாதம் ராத்திரி பதினொன்றுக்கும் அந்தச் சுவர் சுடும். ராணிப்பேட்டையிலிருந்து வேலை முடிந்து வந்து, குழந்தை தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுவேன். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியும் சேர்ந்துகொள்வான். நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட ஒயர் இல்லாத கீபோர்டு வேண்டும், இருட்டில் தெரிய வெளிச்சமும் வேண்டும். 2,900 ரூபாய்க்கு 68 கீ கொண்ட மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ளது) ஒன்று வாங்கினேன். இரண்டு மாதம் ஆகிறது.

கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால் எல்லாக் கீபோர்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். கடைக்காரரிடம் கேட்டு மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். எழுத்தின் ஊடாகவே வெளிச்சம் வருவது இதில் மட்டும்தான். மற்ற இரண்டில் கீயைச் சுற்றித்தான் ஒளி, எழுத்து கறுப்பாகவே நின்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். இந்த அளவில் மேலே எஃப்1 முதல் எஃப்12 வரை வரும் எஃப் வரிசை கிடையாது. பார்வைக் கோணத்தை மாற்றும் எஃப்5 வேண்டுமென்றால் எஃப்என் (Fn) கீயோடு 5ஐ அழுத்த வேண்டும். அந்தக் குறிப்பு கீயின் முன்பக்கம் அச்சாகியிருக்கிறது, அதில் ஒளி வருவதில்லை. முதல் வாரம் முழுக்கத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

பகலில் இதிலேயே தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையில் தட்டச்சு செய்கிறேன். விளையாட்டில் நடக்க உதவும் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் தமிழ்99இல் ஈ, அ, இ, உ. உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம் வருகிற அமைப்பு அது. பழக்கத்துக்காகத் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினேன், வெளிச்சம் மொத்தமாக அடைபட்டது. அன்று ராத்திரியே உரித்துவிட்டேன். பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கவலை இல்லை.

பேட்டரி 4000 மில்லியாம்ப்-அவர். வெள்ளை ஒளியை முழுதாக வைத்தபோது பத்து நாளில் தீர்ந்தது. வெள்ளை வர சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிய வேண்டும். சிவப்பு மட்டும் வைத்துப் பிரகாசத்தையும் குறைத்தேன், மூன்று வாரத்துக்கு மேல் வருகிறது. கண்ணுக்கும் இதமாக இருக்கிறது, பக்கத்தில் தூங்கும் குழந்தை மேலும் ஒளி விழுவதில்லை.

சத்தம் பற்றிச் சொல்ல வேண்டும். ‘க்ளிக்’ என்று ஒலிக்காத சிவப்பு ஸ்விட்சைத்தான் எடுத்தேன், நீல ஸ்விட்ச் எங்கள் வீட்டுக்கு ஆகவே ஆகாது. அப்படியும் ஸ்பேஸ் பார் அடியில் போய் இடிக்கும் ஒலி கேட்கும். “என்னங்க, யாரோ கதவத் தட்டுறாங்க” என்று மனைவி எழுந்துவிட்டாள். மடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்ததும் அடங்கியது.

அப்புறம் டாங்கிள், அதாவது ஒயர் இல்லாத கீபோர்டின் சிக்னலை வாங்க கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன யூஎஸ்பி துண்டு. முதல் சில நாட்கள் கையை எடுத்த பிறகும் விளையாட்டில் என் ஆள் நடந்துகொண்டே போவான். அப்படியே நெருப்புக் குழம்பில் விழுந்து, இரண்டு ராத்திரி தோண்டிய வைரமெல்லாம் போயிற்று. கோளாறு கீபோர்டில் இல்லை. டாங்கிளை ஒட்டியே யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் சொருகியிருந்தேன். டாங்கிள் பேசும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் அதுவும் இரைச்சலைக் கிளப்பும். சின்ன நீட்டிப்பு ஒயர் வாங்கி டாங்கிளைத் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. ப்ளூடூத்திலும் ஓடுகிறது. வீடு கட்டி விளையாட அது போதும், சண்டை என்றால் டாங்கிள்தான்.

தீராத குறை ஒன்று உண்டு. மூன்று நிமிஷம் தொடாவிட்டால் கீபோர்டு தூங்கிவிடுகிறது, எழுப்பும் முதல் அழுத்தம் வீணாகிறது. தம்பியோடு போனில் பேசிக்கொண்டு சும்மா நிற்கும்போது எதிரி வந்தால், பின்வாங்க எஸ்ஸை அழுத்தினாலும் ஆள் நகர மாட்டான். நேரத்தைக் கூட்ட அதில் வழியே வைக்கவில்லை. இந்த விலைக்கு அதையாவது கொடுத்திருக்கலாம். இப்போதெல்லாம் பேசும்போது ஷிஃப்டை அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்கிறேன்.