போர்டா, போனா, டாக்டர் சீட்டா?

தருமபுரியில் மனநல ஆலோசனை அறை திறந்த முதல் மாதம் என்னிடம் படியேறி வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் மாடியில் இருக்கும் பல் டாக்டரைத் தேடி வந்தவர். அட்வான்ஸ், ஃபேன், இரண்டு நல்ல நாற்காலி என்று கைக்காசு கரைந்திருந்தது. மிச்சத்தை எதில் போட்டால் ஆள் வரும் என்று ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். தோழி ஒருத்தி அதே சமயத்தில் ஓசூரில் தொடங்கியிருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகிவிட்டது.

முதலில் போர்டு. 'மனநல ஆலோசனை மையம்' என்று நீலத்தில் வெள்ளை எழுத்து, ராத்திரியிலும் எரியும். பார்க்க ஜோர். ஆனால் எதிரே டீக்கடை. பென்னாகரம், பாலக்கோடு பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று டீ குடிக்கும் இடம். அத்தனை பேர் பார்க்க அந்த போர்டுக்குக் கீழே யார் நுழைவார்கள்? ஒரு அம்மா இரண்டு நாள் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது: "பின்பக்கம் வழி இருக்குங்களா?" இருந்தது. பல் கிளினிக்குக்குப் போகும் அதே படிக்கட்டு. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் பல்லுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறுவாரமே பெரிய போர்டைக் கழற்றிவிட்டு, 'தூக்கமின்மை, பதற்றம், குடும்ப ஆலோசனை' என்று சின்னதாக ஒன்று மாட்டினேன். இங்கே யாரும் மனசு சரியில்லை என்று வருவதில்லை, தூக்கம் வரவில்லை என்றுதான் வருகிறார்கள்.

பேப்பருக்குள் வைத்து நோட்டீஸும் விட்டேன். வந்தது ஒரே ஒரு போன். "குடும்ப ஆலோசனைன்னு போட்டிருக்கீங்களே, வரன் பார்த்துக் குடுப்பீங்களா?"

அடுத்தது போன். கூகுள் மேப்பில் இடத்தைப் பதிந்துகொள்ளக் காசு கேட்பதில்லை, முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் எல்லாம் இந்த வழியில்தான். ஒரு 'ஹாய்', பிறகு நீளமாக ஏதோ, நான் திறப்பதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'. அவர்களில் சிலர் பத்து நாள் கழித்து நேரில் வந்தார்கள்.

விளம்பரம் செய்து தருகிறேன் என்று வந்த ஒரு ஏஜென்சி, நூறு ஐந்து நட்சத்திர ரிவ்யூ வாங்கித் தருவதாகச் சொன்னது. பெயருக்குக் கீழே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போடலாமா என்றும் கேட்டது. ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருப்பவர்கள் போட வேண்டியது அது, எனக்கு இல்லை. ரிவ்யூ சங்கதி அதைவிடச் சிக்கல். பிரியாணிக் கடைக்காரர் "மீண்டும் வாங்க" என்று பதில் போடலாம். நான் போட்டால் அந்த ஆள் என்னிடம் வந்தார் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23 ரகசியம் காக்கச் சொல்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அதுதானே முறை? ஒருவர் எனக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அது அப்படியே கிடக்கிறது.

இன்ஸ்டாகிராமில் என் ரீல்ஸுக்கு விழுந்த லைக்கெல்லாம் சொந்தக்காரர்கள் போட்டவை. ஓசூர்த் தோழிக்கோ பாதி ஆட்கள் அங்கிருந்துதான். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அங்கிருக்கும் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பெயர் எல்லாருக்கும் தெரியும். கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் இளவட்டம் ரூமில் படுத்தபடியே வீடியோ காலில் பேசுகிறது. அவள் தெலுங்கும் கன்னடமும் பேசுவாள், அது இன்னொரு பலம். அவள் செய்ததை அப்படியே இங்கே செய்து இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

கடைசியில் கைகொடுத்தது டாக்டர் சீட்டு, அதாவது டாக்டர்கள் என்னிடம் போகச் சொல்லி எழுதிக்கொடுக்கும் சீட்டு. மெடிக்கல் ரெப்களோடு பெஞ்சில் காத்திருந்து ஒன்பது டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் நேராகவே, "ஒரு ஆளுக்கு எவ்வளவு தருவீங்க?" என்றார். நோயாளியை அனுப்பி கமிஷன் வாங்கக்கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதியே இருக்கிறது. தரமாட்டேன் என்றேன், அவரிடமிருந்து இன்றுவரை ஒருவரும் வரவில்லை. இரண்டு பேர் அனுப்புகிறார்கள். நெஞ்சு படபடப்பு என்று போனவருக்கு ஒருவர் எழுதிய சீட்டு என் மேஜையில் இருக்கிறது: 'ஈசிஜி நார்மல். போய்ப் பேசவும்.' அவ்வளவுதான். ஆனால் அப்படி வருகிறவர் இரண்டாவது தடவையும் வருகிறார். நம்பும் வாய் ஒன்று ஏற்கெனவே சொல்லிவிட்டதல்லவா.

இதிலும் குறை உண்டு. சீட்டோடு வருகிறவர் மாத்திரையை எதிர்பார்க்கிறார். "எதுவும் எழுதலைங்களா? அப்புறம் எதுக்குங்க ஃபீஸ்?" என்று கேட்காதவர் குறைவு. மாத்திரை தேவைப்படுகிறவரை நான் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதனால் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஓ.பி. நேரம் எனக்கு மனப்பாடம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறது, என் போன் அணைந்திருந்தாலும் அது எடுக்கும். அந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் மகளைப் பார்க்க வெளிநாடு போன மாதம் என் வரவு பாதியானது.

பள்ளிக்கூடத்தில் பேசப் போவதை நான் விளம்பரமாக எண்ணுவதில்லை. பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் போகிறேன், டீச்சர்கள் நம்பரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊரில் புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் டாக்டர்களைப் போய்ப் பாருங்கள், கூகுளில் பதியுங்கள், போர்டைச் சின்னதாக வையுங்கள் என்பேன். ஓசூர் என்றால் போனை முதலில் வைப்பேன். என் இந்த மாத விளம்பரச் செலவு பின்பக்கப் படிக்கட்டுக்கு ஒரு டியூப்லைட்.