கோஹிமா போர்க்கள பேட்ஜ் என்று சொல்லி 8,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

என் தாத்தா 1944-இல், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையோடு சண்டை நடந்த நாகாலாந்தின் திமாப்பூர் – கோஹிமா சாலையில் ராணுவ லாரி ஓட்டியவர். அந்த மண்ணிலிருந்து ஏதாவது ஒன்றை அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. பழம்பொருள் விற்கும் ஒருவர் இணையத்தில் கிடைத்தார். ‘கோஹிமா கேரிசன் குன்றில் தோண்டி எடுத்தது, பிரிட்டிஷ் பீரங்கிப்படை தொப்பி பேட்ஜ், 1944’ என்றார். லேமினேட் செய்த சான்றிதழும் தருவதாகச் சொன்னார். பணத்தை அனுப்பிவிட்டேன்.

பேட்ஜ் வந்தது. சக்கரம் வைத்த பீரங்கி, அதற்கு மேல் ‘உபிக்வே’ என்ற லத்தீன் சொல், உச்சியில் கிரீடம். பச்சைக் களிம்பு ஏறி, இடுக்கில் செம்மண்ணோடு இருந்தது. அப்பா அதைத் தாத்தா படத்துக்குக் கீழே வைத்தார்.

எங்கள் வேலூர்ப் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துத் தெரு ஹவில்தார் ஐயா பீரங்கிப்படையில் இருந்தவர். பேட்ஜை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, எங்க தொப்பியிலயும் இதே பீரங்கிதான். கிரீடம் இருக்கிற இடத்துல எங்களுக்கு நட்சத்திரம். அதை விடு, இந்தக் கிரீடத்தைப் பாரு. இது ராணி கிரீடம். சண்டை நடந்தப்ப ராஜால்ல இருந்தாரு?”

எனக்கு அங்கேயே வயிறு கலங்கியது. கோஹிமா சண்டை 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை நடந்தது. அப்போது மன்னர் ஆறாம் ஜார்ஜ். அவர் காலத்துப் பேட்ஜில் கிரீடத்தின் வளைவுகள் இரண்டு பக்கமும் குடைபோல உருண்டு ஏறி உச்சியில் சேரும். எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்தது 1952-இல். அதற்குப் பிறகு வந்த கிரீடத்தில் வளைவுகள் தோள்போல உயர்ந்து, நடுவில் பள்ளமாக இறங்கும். என்னிடம் இருப்பதில் அந்தப் பள்ளம் பளிச்சென்று தெரிகிறது. 1944-இல் மண்ணில் விழுந்த பேட்ஜில் அது இருக்க வழியே இல்லை.

உருண்ட கிரீடம் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். இப்போதைய மன்னர் சார்லஸ் திரும்பவும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார். அதனால் நேற்று அடித்த பேட்ஜிலும் அது இருக்கலாம்.

அப்புறம் பின்பக்கத்தைப் பார்த்தோம். அந்தக் காலத்தில் பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்துச் செய்வார்கள். முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாகத் தெரியும். என்னுடையது பின்னால் தட்டை. ஊசி முனை அளவுக்குப் பொடிப்பொடியான துளைகள், ஓரத்தில் அரம் போட்ட கோடுகள். உருக்கி வார்த்திருக்கிறார்கள். ஈரப் பஞ்சால் துடைத்தேன், களிம்பு பஞ்சோடு வந்துவிட்டது. எண்பது வருடம் மண்ணில் கிடந்த பித்தளையின் களிம்பு அப்படி ஒரே துடைப்பில் போகாது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ‘உபிக்வே’ என்றால் ‘எங்கும்’ என்று பொருள். பீரங்கிப்படை போகாத போர்க்களம் இல்லை என்பதால் அந்த ஒரு சொல்லையே வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அசல் பேட்ஜாகவே இருந்தாலும் அது கோஹிமாவில் கிடந்ததா, ஆப்பிரிக்காவில் கிடந்ததா என்று அந்தச் சின்னம் சொல்லாது. சின்னத்தை வைத்துப் படையையும் ஓரளவு காலத்தையும் பிடிக்கலாம். இடத்தைச் சொல்வது விற்பவர் வாய்தான். நான் காசு கொடுத்தது அந்த வாய்ச்சொல்லுக்கு. சான்றிதழில் யார் எடுத்தார்கள், எந்த வருடம், எந்தச் சரிவில் என்று ஒரு வரிகூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘பழம்பொருள் விற்றால் விற்றதுதான்’ என்று பதில் வந்தது. கிரீடத்தைப் பற்றிக் கேட்டதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் காசு அனுப்பும் முன் கிரீடத்தின் கிட்டப் படமும் பின்பக்கப் படமும் கேளுங்கள். தோண்டி எடுத்த குண்டு, கையெறிகுண்டு என்று யாராவது காட்டினால் தொடவே வேண்டாம், அந்தப் பக்கம் இன்றைக்கும் வெடிக்காதவை கிடைக்கின்றன. ஜப்பானிய வீரர்களின் நீள்வட்டப் பித்தளை அடையாளத் தகடு வந்தால் விலை பேசாதீர்கள். அது ஒருவர் இறந்த இடத்தின் தடயமாக இருக்கலாம். இம்பாலில் 2019-இல் திறந்த அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே தெரியப்படுத்துங்கள்.

அதே ஆள் போன வாரம் இன்னொரு பேட்ஜை விற்பனைக்குப் போட்டிருக்கிறார், அதே பச்சை, அதே செம்மண். தம்பி எண்ணிலிருந்து பின்பக்கப் படம் கேட்டோம். ஆறு நாள் ஆகிறது, இன்னும் அனுப்பவில்லை.