மறுகேள்வி யாருக்கு? ஹட்டனில் உட்கார்ந்து பார்த்த வேட்பாளர் பேட்டிகள்

2024 நவம்பர் இலங்கைப் பொதுத் தேர்தலுக்கு முந்தின இரண்டு வாரமும், தேயிலை மலைநாட்டு ஊரான ஹட்டனில் எங்கள் மச்சானுடைய சலூனில் டீவி ஓயவே இல்லை. முடி வெட்டிக்கொண்டவர்களும் எழுந்து போகாமல் பெஞ்சில் இருந்து பேட்டி பார்த்தார்கள். ஒருநாள் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பேர். முதலாமவர் பல தேர்தல் கண்ட தொழிற்சங்கத் தலைவர். "சொல்லுங்க ஐயா, பிரசாரம் எப்படிப் போகுது?" என்று தொடங்கினார் பேட்டி எடுத்தவர். அடுத்து, முதல் தடவையாகப் போட்டியிடும் ஓர் ஆசிரியை. "சொல்லும்மா, எதுக்கு அரசியலுக்கு வந்த? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

மச்சான் கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு, "ஏன், அவருக்கு மட்டும் வீடு இல்லையா?" என்றார்.

அன்றிலிருந்து பேட்டிகளை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. முதல் கேள்வி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: சம்பளம், வீடு, காணி. பதில் வந்த பிறகு மறுகேள்வி வருகிறதா, யாருக்கு வருகிறது என்பதில்தான் பாரபட்சம் பிடிபடுகிறது. சம்பளத்தையே எடுங்கள். 2024 மேயில் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் கடைசியாக அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. "நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம்" என்று ஒருவர் சொன்னால், "எதை வாங்கிக் கொடுத்தீர்கள்? 1,700ஆ, 1,350ஆ? எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும்?" என்று உடனே கேட்க வேண்டாமா? பழைய தலைவரிடம் அந்தக் கேள்வி வராது. புதியவர் 2,000 வாங்கித் தருவேன் என்றால் மட்டும், "அதுக்குப் பணம் எங்க இருந்து வரும்?" என்று மடக்குவார்கள். மடக்குவது சரிதான். ஆனால் இரண்டு பேரையும் மடக்க வேண்டும்.

நம் ஊர் வாக்காளருக்கு வேட்பாளரைக் கேட்டறிய நாலு வழி இருக்கிறது: கொழும்புத் தமிழ் ஸ்டூடியோ, சிங்கள அலைவரிசை, அரச வானொலியும் அரச டீவியான ரூபவாஹினியும், அப்புறம் போனைத் தூக்கிக்கொண்டு வரும் நம் ஊர்ப் பொடியன்களின் லைவ்.

தமிழ் ஸ்டூடியோவில் ஒருவரை எப்படி விளிக்கிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. நமக்கு அப்படியில்லை. ஐயா, தலைவர், சேர், தம்பி, தங்கச்சி, அம்மா என்று படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகும். 'தலைவர்' என்று ஒருவரை விளித்த பிறகு அவரிடம் கடுமையாக ஒரு கேள்வி கேட்க வாய் வராது. 'தங்கச்சி' என்று தொடங்கிவிட்டால் கேள்வி தானாகவே விசாரணையாகிவிடும். இத்தனைக்கும், மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாக மக்கள் வாக்கில் நாடாளுமன்றம் போனது அந்தத் தேர்தலில்தான்: நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல்.

ஸ்டூடியோவின் இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாது. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனம், ஆகவே ஒரு கட்சிப் பட்டியலில் பதினொரு பேர். கட்சிக்குப் போட்ட பிறகு பட்டியலில் ஆளையும் தேரும் விருப்பு வாக்கு முறை என்பதால் ஒரே பட்டியலில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் போட்டி. ஆனால் கொழும்புக்குக் கூப்பிடுவது இரண்டு மூன்று தெரிந்த முகங்களை. மற்ற எட்டுப் பேருக்கும் கடுமையான கேள்விகூடக் கிடைப்பதில்லை. கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் நடுவில் இருக்கும் மேசை எவ்வளவு சின்னது என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. சக்தி டீவியில் 'மின்னல்' நிகழ்ச்சி நடத்திய ஸ்ரீரங்கா 2010இல் இதே நுவரெலியாவில் போட்டியிட்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். அது குற்றமில்லை, யாரும் போட்டியிடலாம். பேட்டி எடுப்பவர் நாளைக்கு எந்தப் பக்கம் உட்காருவார் என்பதைப் பார்ப்பவர்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கள அலைவரிசையில் மறுகேள்வி உண்டு, சூடாகவே உண்டு. அதற்காக நான் அதைக் கொஞ்சம் உயர்த்தித்தான் வைப்பேன். ஆனால் அங்கே அநியாயம் வேறு மாதிரி. நம் வேட்பாளர் போனால் தோட்டம், லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்), இந்தியா, இதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஐஎம்எஃப் பற்றியோ மின்கட்டணம் பற்றியோ அவருக்கு அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து, 1948இல் குடியுரிமை பறிபோனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஏதோ விருந்தாளி மாதிரி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே மாவட்டத்தில் நிற்கும் சிங்கள வேட்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் பாதிக்கும் மேல் தமிழர்கள், அவருக்கும் அவர்கள் வாக்காளர்கள்தான். லயத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி? நான் பார்த்தவரை இல்லை. இதில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. நம் ஆள் சிங்களத்தில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் அது அறியாமை. சிங்கள 'மந்திரிதுமா' (மாண்புமிகு உறுப்பினர்) தமிழில் "வணக்கம்" என்று ஒரு சொல் சொன்னால் அது நல்லிணக்கம்.

அரச ஊடகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜனாதிபதித் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் இலவச நேரம் உண்டு. 2024இல் வாக்குச்சீட்டில் 39 பெயர், அதில் மயில்வாகனம் திலகராஜ் நம் ஆள். நேரம் சமம், ஆனால் கேள்வியே இல்லை, ஆளாளுக்குப் பேசிவிட்டுப் போவதுதான். தேர்தல்கள் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல்கள் தனியாருக்கும் உண்டு. ஆனால் மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமித்துத் தலையிடும் அதிகாரம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், ரூபவாஹினி இரண்டின் மேல்தான். தனியார் ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது கடிதம்.

கடைசியாக நம் பொடியன்கள். சத்தம் சரியில்லை, காற்று மைக்கில் மோதும், நடுவில் சிக்னல் போய்விடும். ஆனாலும் ஒரே ஒரு வழிதான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். காரணம், கேள்வி கேட்பது அவர்கள் இல்லை, பின்னால் நிற்கும் ஆட்கள். ஸ்டூடியோவில் கேட்க முடியாததை அவர்கள் கேட்பார்கள். ஆனால் போன் பிடிக்கும் பொடியனுக்கும் வயிறு இருக்கிறது. டேட்டா ரீலோட் யார் போட்டுக் கொடுத்தது, வேனில் யார் கூட்டி வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இயன்றால் ஒரே ஆளைத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என்று இரண்டு பேட்டியில் பாருங்கள். தமிழில் "தனி வீடு, காணி உறுதி" (காணிப் பத்திரம்) என்று முழங்கியவர் சிங்களத்தில் "படிப்படியாக" என்று குரலைத் தணிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். கோயில் வாசல், இலேசாகத் தூறல், வேட்பாளர் ஏழு பேர்ச்சஸ் காணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொழுந்துப் படங்கை இன்னும் இடுப்பில் கட்டியிருந்த ஓர் அம்மா முன்னால் வந்து, "காணி உறுதி தருவீங்களா ஐயா?" என்று கேட்டார். கட்டாயம் தருவேன் என்றார் அவர். நாங்கள் எல்லாம் கை தட்டினோம். அம்மா நகரவில்லை. "போன தடவை குடுத்தீங்களே, அத போட்டோ புடிச்சிட்டுத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவை வீட்டுலயே வச்சிக்கலாமா?"

கூட்டத்தில் சிரிப்பு. வேட்பாளர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறந்தார்.

ராத்திரி அந்தப் பொடியனுடைய பக்கத்தில் வீடியோ வந்தது. "கட்டாயம் தருவேன்", கை தட்டல், அடுத்து மாலை போடுவது. நடுவில் அந்த அம்மா இல்லை.