ஸ்கேல் மாடல் புத்தகம் போட ரூ.68,500 கட்டி ஏமாந்த கதை: சுயபதிப்பு பேக்கேஜ் வாங்கும் முன் படிச்சிடுங்க

முந்தாநாள் பார்சல் வந்தது. என் புத்தகம், 100 காப்பி. பிரித்ததும் முதல் வேலையாக இரும்பு ஸ்கேலை எடுத்து 61-ஆம் பக்கத்து விமான வரைபடத்தில் வைத்தேன். 125 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 117.5 காட்டியது. ரூ.68,500 போனது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கோபம் ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். என்னென்ன கவனிக்கணும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம். 'நீங்கள் எழுதுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வருமே, அந்த வகை ஆன்லைன் சுயபதிப்புச் சேவை. பக்க வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன் என்னும் புத்தக அடையாள எண், அச்சு எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்.

புத்தகம் 176 பக்கம். ஸ்கேல் மாடல், அதாவது நிஜ வண்டியையோ விமானத்தையோ சரியான விகிதத்தில் சுருக்கிய மாதிரி, கட்டுவதைத் தமிழில் அடியிலிருந்து சொல்லித் தருவது. நடுவில் இரண்டு பெரிய பாடங்கள். ஒன்று, ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி, 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு. இன்னொன்று எச்எஃப்-24 மாருத் போர் விமானம், 1/72 அளவில். ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து, பெங்களூரில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டி, 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்த விமானம். பாகங்கள் தயாராக வரும் கிட் வாங்கி ஒட்டுகிறவர்களுக்கு இல்லை, அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி முழுக்கக் கையாலேயே செய்கிறவர்களுக்காக எழுதிய பாடம் அது. அப்படிச் செய்கிறவருக்கு வரைபடம்தான் எல்லாம். பக்கத்தை நகலெடுத்து, ஷீட்டில் ஒட்டி, கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவார். மாருத்தின் இறக்கை முனைக்கு முனை 9 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 125 மி.மீ. நீளம் 15.87 மீட்டர், அதாவது 220.4 மி.மீ. இந்த இரண்டு எண்ணும் தாளில் அப்படியே இருந்தால்தான் அது வரைபடம். இல்லாவிட்டால் வெறும் படம்.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன். பேசியவர் விற்பனைப் பிரிவு ஆள், நல்ல பேச்சு. வீடியோ காலில் வந்தார். அனுப்பியிருந்த மாதிரி அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது. "சார், அந்த டாங்கில துரு மேல பெயின்ட் உரிஞ்ச மாதிரி இருக்கே, நெஜமாவே ஹேர்ஸ்ப்ரேயா சார்?" என்று கேட்டார். ஆமாம், முதலில் துருப் பழுப்பு அடித்து நன்றாகக் காயவிட வேண்டும், மேலே ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய கோட், அதன் மேல் அக்ரிலிக் பச்சை, பச்சை முற்றிலும் இறுகுமுன் தண்ணீர் தொட்ட பிரஷால் தேய்த்தால் சில்லு சில்லாக உரியும் என்று பதினைந்து நிமிஷம் பாடமே நடந்தது. "சூப்பர் சார், இந்த மாதிரி புக் தமிழ்ல இல்லவே இல்ல. இது எங்க பொறுப்பு சார்." இந்தத் துறையில் யாராவது ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டாலே போதும், நாம் பையைத் திறந்துவிடுவோம். அன்று இரவே ரூ.38,000 ஜிபே. உள்பக்கம் முழுக்கக் கலர் வேண்டுமென்றால் தனி என்று பத்து நாள் கழித்து ரூ.22,500. பிறகு 'கலர் கரெக்ஷன்' என்று ரூ.8,000. கூட்டிப் பாருங்கள், ரூ.68,500.

இனி கையில் வந்தது.

வரைபடங்கள் ஏ4 தாளுக்குப் போட்டுக் கொடுத்தவை. அவர்களோ கேட்காமலேயே புத்தகத்தைத் தங்கள் 'ஸ்டாண்டர்ட் சைஸ்' ஏழேகாலுக்கு ஒன்பதரை அங்குலத்துக்கு மாற்றினார்கள். பக்க உயரமே 241 மி.மீ.தான், ஓரம் விட்டால் மிச்சம் சுமார் 207. அதில் 220 மி.மீ. விமானம் எப்படி நிற்கும்? டிசைனர் 'படச் சட்டத்துக்குள் அடக்கு' பட்டனை அழுத்திவிட்டார். படம் 94 சதவீதமாகச் சுருங்கியது. கணக்குப் போட்டால் அது 1/72 இல்லை, 1/76.6. நிஜ விமானத்தின் கணக்கில் சொன்னால் இறக்கை 54 செ.மீ. குட்டை. இதிலும் கொடுமை, எல்லாப் படமும் ஒரே மாதிரி சுருங்கவில்லை. மேல்தோற்றத்தில் இறக்கை 117.5, எதிர்ப்பக்கத்து முன்தோற்றத்தில் அதே இறக்கை 121 சொச்சம். 'இத்தனை சதவீதம் பெரிதாக்கி நகலெடுங்கள்' என்று ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டித் தப்பிக்கக்கூட வழியில்லை.

அடுத்தது எழுத்து. யூனிகோடில் கொடுத்த கோப்பைப் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டியிருக்கிறார்கள். பாமினியில் சாய்கோட்டின் இடத்தில் ஆய்த எழுத்து இருக்கும். விளைவு, புத்தகம் முழுக்க 1/72 என்பது '1ஃ72', 1/35 என்பது '1ஃ35'. ஸ்கேல் மாடல் புத்தகத்தில் ஸ்கேலே ஆய்த எழுத்தோடு! பெயின்ட் எண்களும் போச்சு. ஆங்கில எக்ஸ் அடித்த இடத்தில் பாமினி 'ஓ' காட்டும், எஃப் அடித்த இடத்தில் 'கு' காட்டும். டாமியா என்ற பெயின்ட் நிறுவனத்தின் மேட் கறுப்பு எக்ஸ்எஃப்-1, அச்சில் 'ஓகு-1' ஆகியிருக்கிறது. கடையில் போய் 'ஓகு-1 குடுங்க' என்று வாசகர் கேட்கட்டுமா?

'எடிட்டிங்' என்று ஒன்று பேக்கேஜில் இருந்தது. அது இல்லாமல் இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் சிமென்ட் என்பதை எல்லா இடத்திலும் 'பசை' ஆக்கியிருக்கிறார்கள். பசை இரண்டு பாகத்துக்கு நடுவில் நின்று பிடிப்பது. சிமென்ட் மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குவது, மெல்லிய பிரஷால் இணைப்பின் ஓரத்தில் தொட்டால் தானே உள்ளே ஓடும். இந்தப் புத்தகத்தை நம்பி ஒரு பையன் ஃபெவிகால் தடவினால் பிளாஸ்டிக்கில் அது ஒட்டவே ஒட்டாது. அதைவிட மோசம் பெயின்ட் அத்தியாயம். லாக்கர், எனாமல் இரண்டும் பெயின்ட் வகைகள். 'லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம்' என்ற வாக்கியத்தை நடை அழகாக்குகிறேன் என்று 'எனாமலுக்கு மேல் லாக்கர் அடிக்கலாம்' என்று திருப்பிவிட்டார்கள். லாக்கரின் கரைப்பான் வீரியமானது. அடியில் எனாமல் இருந்தால் அப்பளம் மாதிரி பொரிந்து சுருங்கும். மாதக்கணக்கில் கட்டிய மாடல் ஒரு ஸ்ப்ரேயில் காலி.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அப்போதே உறைத்திருக்க வேண்டும். பக்க அகலத்துக்கு, 17 செ.மீ.க்கு, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 2,000 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். மெயிலில் மூலக் கோப்புகள் போயும் அவர்கள் பயன்படுத்தியது வாட்ஸ்அப் படங்களைத்தான். பேனல் கோடுகளில், அதாவது தகடுகள் சேரும் கோடுகளில், ஓட்டிய வாஷ் (நீர்த்த பெயின்ட்) மொத்தமும் புகை மாதிரி மங்கல். ரூ.8,000 வாங்கிய கலர் கரெக்ஷனில், விமானப்படை வட்டச் சின்னத்தின் நடுக் காவி செங்கல் நிறமாகிவிட்டது. பளிச்சென்ற ஆரஞ்சு சிஎம்ஒய்கே என்னும் நான்கு மை அச்சில் மங்கும் என்பது தெரிந்ததுதான், அதைக் கொஞ்சமாவது தூக்கி நிறுத்தத்தானே அந்தக் காசு? பக்க அழகுக்காக இரண்டு படங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியும் வைத்திருக்கிறார்கள். வால் எண் வலமிருந்து இடமாக ஓடுகிறது.

கேட்டதற்கு வந்த பதில்கள்: முதல் நாள், "டிசைன் டீம்ல கேட்டுச் சொல்றேன் சார்." மாலை, "மெஷின் டாலரன்ஸ் சார், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வரத்தான் செய்யும்." ஏழரை மில்லிமீட்டர் ஐயா! மறுநாள் புது ஆள், 'கஸ்டமர் சக்சஸ்'. அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "சார், தப்பா எடுத்துக்காதீங்க, யாரு சார் ஸ்கேல் வச்சு அளந்து பாக்கப் போறா?"

ஸ்கேல் மாடல் புத்தகம் சார் இது. வாங்குகிற அத்தனை பேரும் அளப்பார்கள். அதற்குத்தான் வாங்குவார்கள்.

அதன் பிறகு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பிடிஎஃப் அனுப்பி 24 மணி நேரத்துக்குள் ஆசிரியர் ஓகே சொல்லிவிட்டால் எங்கள் பொறுப்பு முடிந்தது என்று ஒரு வரி. வந்த பிடிஎஃப், படமெல்லாம் மங்கலான குறைந்த தரக் கோப்பு. "இது பார்க்க மட்டும் சார், பிரிண்ட்ல பக்காவா வரும்" என்று வாய்வார்த்தை. எழுத்தும் அதில் சரியாகத்தான் தெரிந்தது, பாமினிக்கு மாற்றியது அதற்கு அப்புறம். திரையில் மில்லிமீட்டர் தெரியாது. ஒரு காப்பி மட்டும் அச்சிட்டு அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, "அது பேக்கேஜ்ல வராது சார்." சரி, வேறு எங்காவது அச்சிடலாம், பக்கம் கட்டிய மூலக் கோப்பைக் கொடுங்கள் என்றால் அதற்கு ரூ.12,000 தனியாம். ஐஎஸ்பிஎன்னும் அவர்கள் பெயரில் எடுத்தது, வெளியே அச்சிட்டால் அந்த எண் செல்லாது. நேற்று மாலை குறுஞ்செய்தி வருகிறது, 'திருத்திய பதிப்பு பேக்கேஜ், பழைய ஆசிரியர்களுக்குச் சலுகை'. ரூ.68,500 வாங்கியவன் கேட்கிறான் இதை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகத் தருகிறது, ஆசிரியரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். புத்தக அளவு, தாளின் ஜிஎஸ்எம் (கனம்), பைண்டிங் மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். மேஜையில் விரித்து வைத்து வேலை பார்க்கிற புத்தகத்துக்குத் தையல் பைண்டிங் கேளுங்கள், வெறும் கோந்து பைண்டிங் விரித்தால் விட்டுவிடும். தாளில் ஒரு காப்பி கையில் வராமல் ஓகே சொல்லாதீர்கள், கடைசித் தவணையும் கொடுக்காதீர்கள். மூலக் கோப்பு யாருக்கு என்று முதலிலேயே கேளுங்கள். காசு போய்விட்டவர்கள் 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரூ.68,500-க்கு நானும் அங்கேதான் போகிறேன், ரசீது எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

இன்னொன்று, ஒவ்வொரு வரைபடத்துக்குக் கீழும் சரியாக 100 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு 'இது 100 மி.மீ.' என்று படத்தோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். எவன் சுருக்கினாலும் கோடும் சேர்ந்து சுருங்கும், ஸ்கேல் வைத்தால் மாட்டிக்கொள்வான்.