பதினொரு ஆண்டு ஏலச்சீட்டு: கட்டியவனின் அனுபவம்

எங்கள் தெருவில் ஓர் அக்கா நடத்தும் ஏலச்சீட்டில் 11 ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். இதுவரை ஆறு சீட்டுகள் முடிந்துள்ளன. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. மாதாமாதம் நடக்கும் ஏலத்தில் ஒருவர் 22,000 ரூபாய் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தால் அவர் கைக்கு 78,000 வரும். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மிச்சம் 17,000 ரூபாயை 20 பேருக்கும் பிரிப்பதால், அந்த மாதம் ஆளுக்கு 4,150 கட்டினால் போதும்.

சீட்டு எடுக்கும் வரை பயம் நமக்கு. எடுத்த பிறகு பயம் நடத்துபவருக்கு. இரண்டாவது சீட்டை மூன்றாம் மாதமே எடுத்தேன். அக்கா என்னிடம் கையெழுத்துகூட வாங்கவில்லை. அதற்கு முந்தைய 20 மாதங்களில் ஒரே ஒரு முறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஐந்தாம் தேதிக்குப் பதில் ஏழாம் தேதி கட்டியிருந்தேன். நோட்டில் அந்த ஏழு மட்டும் சிவப்பு மையில் இருந்தது. அதைக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

நான்காவது சீட்டில், இரண்டாம் மாதமே எடுத்த ஒருவர் ஆறாம் மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அடுத்த ஏலத்தன்று யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா நோட்டை நடுவில் விரித்து, "அந்த ஆள் பங்கை மிச்ச மாசத்துக்கும் நானே போடுறேன், ஆள் பார்த்துச் சேர்த்தது நான்தானே" என்றார். சொன்னபடி கடைசி மாதம் வரை போட்டார். அந்தக் கமிஷன் எதற்கு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. 1982 ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், இது பதிவாகாதது. அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஆகவே மகளின் கல்லூரிச் செலவுக்கென, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் தனியாகச் சேர்ந்தேன். அங்கே சீட்டு எடுத்தபோது இரண்டு ஜாமீன்தாரர்களின் சம்பளச் சான்று கேட்டு மூன்று வாரம் அலையவிட்டார்கள். எரிச்சல்தான், ஆனால் அங்கே என்னைத் தெரிந்தவர் எவரும் இல்லையே.

ஏழாவது சீட்டு தொடங்கும்போது, மாதந்தோறும் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி அக்காவிடம் கேட்டேன். "என் மேல சந்தேகமா தம்பி?" என்றார். "இல்லக்கா, உங்களுக்கு முடியாமப் போனா யார்கிட்ட போய்க் கேட்கிறது?" என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். ஏலம் முடிந்த அன்றிரவே அந்தப் பக்கத்தின் படம் எங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.