பழைய பைக்குக்கு காயில் போச்சுன்னு சொன்னா உடனே காசு எடுத்து நீட்டாதீங்க, எனக்கு எட்டாயிரம் போச்சு

இப்பதான் அந்த ஆள்கிட்ட பேசிட்டு போன வச்சேன், கை இன்னும் நடுங்குது, தப்பா டைப் ஆகியிருந்தா கண்டுக்காதீங்க. கடை பேர் போடல. பழைய வண்டி மட்டும்தான் பாப்போம்னு சொல்லிக்கிற வகை வொர்க்‌ஷாப், அவ்ளோதான்.

என்னோடது எழுபதுகள்ல வந்த ரெட்டை சிலிண்டர் ஜப்பான் வண்டி, பாயிண்ட்ஸ் இக்னிஷன் (காயிலுக்குப் போற கரண்ட்ட சுவிட்ச் மாதிரி திறந்து மூடற முனைங்க), 12 வோல்ட், ரெண்டு காயில் (பேட்டரி கரண்ட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கி ப்ளக்குக்கு அனுப்பற சாமான்). சூடானதும் இடது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும், ஆறினா சரியாகிடும். அந்த ஆள் காயில கழட்டி, மல்டிமீட்டர் முனைய ஒண்ணு ப்ளக் கேப்புக்குள்ள (ஸ்பார்க் ப்ளக் மேல மாட்டற மூடி) விட்டாரு, இன்னொண்ண காயில் ஒயர்ல வச்சாரு. மீட்டர்ல இடது ஓரமா வெறும் 1. அடுத்த காயிலுக்கும் அதே 1. "நான் சொல்லல சார், மீட்டர் சொல்லுது, நீங்களே பாருங்க"ன்னாரு. இதுக்கு மேல மனுஷன் என்ன கேப்பான்? போட்டோ வேற எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக், ஒரிஜினல்னு சொல்லி ஒரு ஜோடிக்கு எட்டாயிரம் வாங்கிட்டாரு.

மாட்டியும் அதே மிஸ்ஸிங். அப்புறம் அந்த போட்டோவ பெருசாக்கிப் பாத்தா மீட்டர் டயல் 2000 ஓம்ல நிக்குது, அதுக்கு மேல போனா அந்த மீட்டர் வெறும் 1தான் காட்டும். காயிலோட செகண்டரி பக்கம் (ப்ளக்குக்குப் போற சுருள்) சாதாரணமாவே பத்து பதினஞ்சாயிரம் ஓம் வரும், கேப்புக்குள்ள இருக்கற ரெசிஸ்டர் பல வண்டில தனியா ஒரு அஞ்சாயிரம். 2000 ரேஞ்சுல எந்த நல்ல காயில வச்சாலும் 1தான்யா காட்டும், உலகத்துல இருக்கற எல்லா காயிலும் அவர் கணக்குல செத்த காயில்தான்.

இன்னும் இருக்கு. "ஒரிஜினல்"ன்னு குடுத்தத நானே அளந்தேன். மீட்டர் முனை ரெண்டையும் ஒட்ட வச்சா 0.3, பிரைமரில (பேட்டரி கரண்ட் வர்ற சுருள்) 1.8, கழிச்சா ஒன்றரை ஓம். இந்த மாதிரி பாயிண்ட்ஸ் வண்டிக்கு நாலு ஓம் பக்கம் இருக்கணும். மூணு ஆம்பியர் போக வேண்டிய பாயிண்ட்ஸ்ல எட்டு ஆம்பியர் போகுது, முனை கருகிப் போச்சு, காயில தொட முடியல அவ்ளோ சூடு. பாயிண்ட்ஸே இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் காயில் எதுக்கோ பெயிண்ட் அடிச்சு தலைல கட்டிட்டாங்க.

கேட்டா மொதல்ல "ஓடி செட் ஆகட்டும் சார்". அப்புறம் "எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்ல". அப்புறம் "நீங்க மீட்டர் வச்சு நோண்டினதுல போயிருக்கும்", இத யாரு சொல்றது பாருங்க! என் பழைய காயிலயாவது குடுங்கன்னா குப்பைல போட்டாச்சாம். ஐம்பது வருஷத்து காயில எவனாவது குப்பைல போடுவானா, வேற எவன் தலைலயோ கட்டியிருப்பான். எட்டாயிரமும் போச்சு, காயிலும் போச்சு. உண்மைல கெட்டுப்போனது இடது கண்டென்சர் (பாயிண்ட்ஸ் திறக்கும்போது முனைல பொறி அடிக்காம காக்கறது), பொடி சாமான், அத மாத்தி கருகின பாயிண்ட்ஸயும் மாத்தி, இன்னொருத்தர்கிட்ட கடனா வாங்கின சரியான காயிலப் போட்டதும் ஓடுது.

எப்படி அளக்கணும்னு வெவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இருக்கற கோவத்துல வரல. அவசரமா சொல்றேன். அளக்கும்போது ஒயரெல்லாம் கழட்டிருக்கணும், கேப்ப திருகி எடுத்துட்டு வெறும் ஒயர்ல அளக்கச் சொல்லுங்க, பிரைமரிக்கு 200 ஓம், செகண்டரிக்கு 20கே (இருபதாயிரம் ஓம்) ரேஞ்ச், டயல் எங்க நிக்குதுன்னு கண்ணால பாருங்க. ரீடிங் சரியா வந்துட்டா காயில் நல்லதுன்னும் அர்த்தம் இல்ல, மீட்டர் குடுக்கறது ஒண்ணு ரெண்டு வோல்ட், ப்ளக்குக்கு போறது ஆயிரக்கணக்குல, உள்ள இன்சுலேஷன் சூட்டுல விட்டுச்சுன்னா மீட்டருக்குத் தெரியாது. மீட்டரே இல்லாம பாக்க ரெண்டு காயிலையும் இடம் மாத்தி மாட்டி ஓட்டுங்க, கோளாறு அந்தப் பக்கம் போனாதான் காயில், அதே பக்கம் நின்னா கண்டென்சரையும் பாயிண்ட்ஸையும் பாருங்க. கழட்டின சாமான கைல வாங்காம காசு குடுக்காதீங்க. எட்டாயிரத்த திருப்பிக் கேட்டு இப்ப மறுபடி மெசேஜ் போட்டேன், ப்ளாக் பண்ணிட்டான்.